விசில் அடிக்காத கண்டக்டர்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 61. ராத்திரியில் மூன்று முறை எழுந்து பாத்ரூம் போகிறார். காலையில் கூட நடக்கிற நண்பர்களில் ஒருவர், ‘புராஸ்டேட்தான் சார், சந்தேகமே வேண்டாம்’ என்கிறார். இன்னொருவர், ‘சுகர் பார்த்தீங்களா?’ என்கிறார். மூன்றாமவர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்: முப்பதே நாளில் புராஸ்டேட் சுருங்கும், கத்தியில்லை, ரத்தமில்லை, மூன்று பாட்டில் வாங்கினால் ஒன்று இலவசம். மருந்துக்கடைக்காரர் தன் பங்குக்கு ஒரு மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டார். வாசகர் கேட்பது ஒரே கேள்விதான்: ‘எத்தனை தடவை போனால் யூராலஜிஸ்ட்டைப் பார்க்க வேண்டும்?’

நியாயமான கேள்வி. ஆனால் தடவைக் கணக்கை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை ஓடுகிறவருக்குப் பெரிதாக எதுவும் இல்லாமல் இருக்கலாம். மூன்றே முறை போய்விட்டு, ‘எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்’ என்கிறவருடைய சிறுநீரகம் ஓசைப்படாமல் கெட்டுக்கொண்டிருக்கலாம். சிறுநீர்ப்பைக்கு ஒரு விநோத சுபாவம் உண்டு. சின்ன விஷயத்துக்கு ஊரைக் கூட்டும். பெரிய விஷயத்தில் பல சமயம் மூச்சே விடாது. ஏன் அப்படி என்று தெரிந்துகொள்ள, அது நிரம்புகிற விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சிறுநீரகம் வடிகட்டுவது, குழாய் வழியே இறங்குவது எல்லாம் ஒன்பதாம் வகுப்பிலேயே முடிந்துவிட்டது, அதை விடுவோம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 மில்லி வீதம் சிறுநீர் வந்து சேருகிறது. பெரியவர்களின் பை 400 முதல் 500 மில்லி வரை தாங்கும். இழுபடக்கூடிய எந்தப் பையையும் நிரப்பினால், நிரம்ப நிரம்ப உள்ளே அழுத்தம் ஏறும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆரோக்கியமான சிறுநீர்ப்பையில் அப்படி நடப்பதில்லை. 50 மில்லி இருக்கும்போதும் சரி, 350 மில்லி இருக்கும்போதும் சரி, அழுத்தத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. முழுதாக நிரம்பும்வரை அது பொதுவாக 10 சென்டிமீட்டர் நீர்மட்ட அளவுக்கு மேல் ஏறுவதில்லை. ஏறினால் வினைதான். பைக்குள் அழுத்தம் கூடினால் சிறுநீரகத்திலிருந்து வருவது இறங்க முடியாமல் மேலே தேங்கும். தேங்கினால் சிறுநீரகம் வீங்கும்.

சாயங்காலம் ஆறு மணி டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஆட்கள் ஏறுகிறார்கள், ‘உள்ளே போங்க, உள்ளே போங்க, நடுவுல காலியாத்தானே இருக்கு’ என்று கண்டக்டர் கத்துகிறார், எப்படியோ எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. நிஜ பஸ்ஸில் அது விலா எலும்புகளின் செலவில் நடக்கிறது. சிறுநீர்ப்பையில் நடப்பதோ உண்மையான இட ஏற்பாடு.

பையின் உட்சுவரில் மேல்வரிசையாக இருப்பவை குடைச் செல்கள். அடியில் இருக்கிற பல செல்களை ஒரே செல் விரிந்து மூடியிருப்பதால் அந்தப் பெயர். செல் உலகத்தில் இவை பெரிய உருப்படிகள். பலவற்றுக்கு இரண்டு உட்கரு. இவற்றின் மேற்பரப்பில் யூரோபிளாக்கின் என்ற புரதங்கள் தட்டுத் தட்டாக, நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. உடம்பு வெளியே அனுப்பிய கழிவு திரும்ப ரத்தத்துக்குள் கசிந்துவிடாமல் காப்பது இந்தத் தளம்தான். கசியக்கூடாது என்றால் இறுக்கமாக இருக்க வேண்டும்; நிரம்ப வேண்டும் என்றால் விரிய வேண்டும். இரண்டும் சேர்ந்து எப்படி முடியும்?

செல் இதற்குச் செய்திருக்கிற உபாயத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். மேற்பரப்புக்குத் தேவையான உபரிச் சவ்வை, யூரோபிளாக்கின் தட்டுகளோடு சேர்த்து, சின்னச் சின்னப் பைகளாக மடித்துத் தன் உள்ளேயே அது சேமித்து வைத்திருக்கிறது. பை நிரம்பி, செல் இழுபடத் தொடங்கியதும், அந்த மடிப்புகள் மேலே வந்து மேற்பரப்போடு ஒட்டிக்கொள்கின்றன. பரப்பு கூடுகிறது, ஒரு துளி கசிவதில்லை. சிறுநீர் கழித்து முடித்ததும் கூடுதலான சவ்வைச் செல் மறுபடி உள்ளே இழுத்து மடித்துக்கொள்கிறது. தினமும் ஆறேழு முறை, ஆயுள் முழுக்க இதே வேலை. கூட்டம் ஏற ஏற பஸ்ஸின் தரை தன் அடியிலிருந்து புதிய தகடுகளை எடுத்து விரித்துக்கொண்டே நீண்டு, எல்லோரும் இறங்கியதும் தகடுகளைச் சுருட்டிக்கொண்டு மினி பஸ்ஸாக டெப்போவுக்குத் திரும்புவதாகக் கற்பனை செய்தால் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். இந்த நேரம் முழுக்க வெளிச்சுவரில் இருக்கிற டெட்ரூசர் என்ற தசையை நரம்புகள் தளர்த்தியே வைத்திருக்கின்றன.

இனி கண்டக்டர். பை நிரம்பிவிட்டது என்று மேலே யார் சொல்வது? பியெசோ-2 என்ற புரதம். தொடுவதையும் இழுபடுவதையும் மின்சைகையாக மாற்றுகிற நுண்கதவு இது. பியெசோ குடும்பத்தை 2010-ல் அடையாளம் கண்டதற்காக ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. டேவிட் ஜூலியஸோடு பகிர்ந்துகொண்டார். சிறுநீர்ப்பையின் உட்சுவர்ச் செல்களிலும் அங்கே வந்து முடிகிற நரம்புகளிலும் பியெசோ-2 வேலை செய்வதை 2020-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. எலிகளில் மட்டுமல்ல, பிறவியிலேயே இந்த மரபணு வேலை செய்யாத மனிதர்களையும் விசாரித்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ‘வருகிறது’ என்ற உணர்வே சரியாகக் கிடையாது. கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிவிட்டது என்று போய்விட்டு வருகிறார்கள். கண்டக்டர் இல்லாத பஸ். டிரைவர் குத்துமதிப்பாக நிறுத்துகிறார்.

150, 200 மில்லி அளவில் முதல் விசில் கேட்கும். அது தகவல் மட்டும். நீங்கள் பேச்சை நிறுத்தக்கூட மாட்டீர்கள். நிரம்ப நிரம்ப விசிலின் இடைவெளி குறையும். டிரைவர் உட்கார்ந்திருப்பது மூளைத்தண்டில், பான்ஸ் என்ற பகுதியில். லண்டனில் அறுவை மருத்துவராக இருந்த பாரிங்டன் 1925-ல் பூனைகளை ஆராய்ந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். அவர் பெயரால்தான் இன்றும் அந்த நரம்புக் கூட்டத்தை அழைக்கிறார்கள். டிரைவருக்கும் மேலே ஓர் அதிகாரி உண்டு. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளை, ‘மீட்டிங் முடியட்டும்’, ‘அடுத்த ஊர் வரட்டும்’ என்று அனுமதியைத் தள்ளிப்போடும். கைக்குழந்தைக்கு இந்த அதிகாரி இன்னும் வேலையில் சேரவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு அவர் நீண்ட விடுப்பில் போய்விடுகிறார்.

அனுமதி கிடைத்ததும் முதலில் கதவு திறக்கும். அதாவது சுருக்குத்தசை தளரும். உடனே டெட்ரூசர் சுருங்கும். இந்த வரிசைதான் முக்கியம். முதுகுத்தண்டு அடிபட்டுத் தகவல் அறுந்தவர்களுக்குக் கதவு மூடியிருக்கும்போதே உள்ளிருந்து தள்ளுவது நடக்கும். அழுத்தம் எகிறிச் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வரிசை ஒழுங்காக இருந்தால் காலியாவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. 2014-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் மிருகக்காட்சிசாலையில் நின்று நேரம் பார்த்திருக்கிறார்கள். 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டிகள், ஆடானாலும் யானையானாலும், சராசரியாக 21 வினாடியில் முடித்துவிடுகின்றன. யானையின் பை 18 லிட்டர் கொள்ளும். ஆனால் வெளியேறும் குழாய் நீளமும் அகலமுமாக இருப்பதால் புவியீர்ப்பு வேகம் கொடுக்கிறது. 2015-ல் அவர்களுக்கு, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசைக் கொடுத்துச் சிரித்தார்கள். நல்ல ஆய்வு, சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

வரலாறு ஒரு பத்தியாவது இருக்க வேண்டும் என்று ஆசிரியர் எதிர்பார்ப்பார். எழுதிவிடுகிறேன். சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுப்பதைப் பற்றி சுஸ்ருதர் எழுதியிருக்கிறார். வானியலாளர் டைகோ பிராஹி 1601 அக்டோபரில் பிராகா நகரத்து விருந்தொன்றில் மரியாதைக்காக எழுந்து போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வீட்டுக்குப் போனதும் சிறுநீர் வரவில்லை, பதினோரு நாளில் இறந்துபோனார். ‘அடக்கினால் பை வெடித்துவிடும்’ என்பதற்கு இன்றைக்கும் அவரைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். ஆரோக்கியமான பை அடக்கியதால் மட்டும் அப்படி வெடித்துவிடாது. அவருக்கு ஏற்கெனவே அடைப்போ வேறு கோளாறோ இருந்திருக்க வேண்டும். 1877-ல் ஜெர்மனியின் மாக்ஸ் நிட்சே விளக்கு வைத்த குழாயை விட்டுப் பையின் உள்ளே பார்த்துக் காட்டினார். அதன் வாரிசைத்தான் இன்றைக்கு யூராலஜிஸ்ட் கையில் வைத்திருக்கிறார். வரலாறு போதும்.

உவமையை இதற்குமேல் ஓட்டினால் டயர் வெடிக்கும் என்று தெரிகிறது. ஆனாலும் ஓட்டப்போகிறேன், ஏனென்றால் நோய்களும் இதே பஸ்ஸில்தான் ஏறுகின்றன.

முதலில் சத்தக்காரர்கள். சில கண்டக்டர்கள் ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் விசில் அடிப்பார்கள். பையில் 100 மில்லிகூட இருக்காது. ஆனால் உயிர் போகிற அவசரம். வெளியிலிருந்து வந்து வீட்டுப் பூட்டில் சாவியைப் போடுகிற நொடியில் பலருக்கு இது வரும். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டாலும் வரும். மிகைத்துடிப்புச் சிறுநீர்ப்பை என்று இதற்குப் பெயர். வாழ்க்கையைப் படுத்தும், உயிரை எடுக்காது. டீ, காபியைக் குறைப்பது, அவசரம் வரும்போது ஓடாமல் நின்று இடுப்புத்தசையை இறுக்கிச் சில நிமிடம் தள்ளிப்போட்டுப் பழகுவது, இவையே பாதிப் பேருக்கு மேல் உதவுகின்றன என்று தைரியமாக எழுதலாம்தான்; ஆனால் என்னிடம் கணக்கு இல்லாததால், உதவுகின்றன என்று மட்டும் சொல்கிறேன். மாத்திரைகளும் உண்டு. பழைய ரக மாத்திரைகள் வாயை உலர்த்தும், மலச்சிக்கல் கொடுக்கும், எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மனக்குழப்பத்தையும் கொண்டுவரக்கூடும். தாத்தாவுக்கு மறதி கூடிவிட்டது என்று கவலைப்படுகிற வீட்டில் மாத்திரை டப்பாவை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. இந்தத் தொல்லைக்கு முதல்படியாக உங்கள் குடும்ப டாக்டரே போதும். ரத்தம், தொற்று, சர்க்கரை எதுவும் இல்லை என்று அவர் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம். சில மாதங்களில் மாற்றமில்லை என்றால் யூராலஜிஸ்ட்.

அடுத்த சத்தக்காரர் நீர்க்கடுப்பு. இதற்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலி கிருமி. அது செய்கிற வேலையைப் பாருங்கள். சிறுநீர் ஓட்டத்தில் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க அதன் உடம்பில் நுண்ணிய நார்கள் உண்டு. அந்த நார்களின் நுனி போய்ப் பிடித்துக்கொள்வது எதை? அதே யூரோபிளாக்கினை. இவ்வளவு அழகாகப் போட்ட தளத்தையே கைப்பிடியாக்கிக்கொள்கிறது. பதிலுக்குக் குடைச் செல்கள் கிருமியோடு சேர்ந்து கழன்று விழுந்து வெளியேறிவிடுகின்றன. டிக்கெட் எடுக்காமல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவனை இறக்கிவிடக் கம்பியையே கழற்றி வெளியே போடுகிற பஸ் இது. சில கிருமிகள் அதற்கு முன்பே செல்லுக்குள் புகுந்து பதுங்கிக்கொள்ளும். எலிகளில் இதைத் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள். ‘மாத்திரை சாப்பிட்டேன், சரியாச்சு, மறுபடி வந்துடுச்சு’ என்று பெண்கள் சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

பெண்களுக்கு எப்போதாவது ஒருமுறை வந்தால் பொது மருத்துவர் போதும். ஆறு மாதத்தில் இரண்டு முறை, அல்லது வருஷத்தில் மூன்று முறை என்றால் யூராலஜிஸ்ட்டிடம் போக வேண்டும். மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி அதே ஆன்டிபயாடிக்கை வாங்கக்கூடாது. ஆண்களுக்கு ஒருமுறை வந்தாலே காரணம் தேடுவது முறை. ஆணின் குழாய் நீளமானது, கிருமி அவ்வளவு சுலபமாக ஏறிவிடாது. கிரான்பெரி மாத்திரையை விற்கிறவர்கள் சொல்கிற அளவுக்கு அதில் சரக்கு இல்லை. சுவாரஸ்யமே இல்லாத ஒரு மருந்து இருக்கிறது: தண்ணீர். குறைவாகத் தண்ணீர் குடிக்கிற, அடிக்கடி தொற்று வருகிற 140 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஒரு வருஷத்தில் சராசரியாக 1.7 முறையும், குடிக்காதவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது.

ஆனால் தண்ணீர் குடி என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா? ஜவுளிக்கடையில் காலை முதல் ராத்திரிவரை நின்றுகொண்டிருக்கிற பெண், பாத்ரூம் போகச் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டியிருப்பதாலேயே தண்ணீர் பாட்டிலைத் தொடுவதில்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நல்ல காரியம். உட்கார்ந்திருப்பவருக்கும் பை நிரம்பும் என்பது அடுத்த திருத்தத்துக்கான விஷயம். கழிப்பறைக் கதவு பூட்டாத பள்ளிக்கூடங்களில் படிக்கிற பெண் குழந்தைகளின் நீர்க்கடுப்புக்கு ஆன்டிபயாடிக் எழுதுவதைவிட ஒரு தாழ்ப்பாள் மலிவு.

தும்மினால், இருமினால், குடத்தைத் தூக்கினால் கசிவது வேறு ரகம். அது கதவின் தளர்ச்சி. பிரசவத்துக்குப் பிறகு இடுப்புத்தளத் தசைகள் நெகிழ்ந்துபோனதால் வருவது. விசிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதனால் அவசரத்தை அடக்குகிற மாத்திரையால் இதில் பலன் இல்லை. தசைப் பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் சரியாகக் கற்றுக்கொண்டு மூன்று மாதம் செய்வதுதான் முதல் வைத்தியம். ‘பிள்ளை பெத்தா அப்படித்தான்’ என்று மாமியாரும் அம்மாவும் அபூர்வமாக ஒத்துப்போகிற விஷயங்களில் இது ஒன்று. அப்படித்தான் என்று இருக்க வேண்டியதில்லை.

இனி விசில் அடிக்காதவர்கள். நான் பயப்படுவது இவர்களுக்குத்தான்.

பல வருஷம் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால், பாதத்தில் உணர்ச்சி மங்குவது நமக்குத் தெரியும். சிறுநீர்ப்பையின் நரம்புக்கும் அதே கதிதான். கண்டக்டர் தூங்கிவிடுகிறார். 300-ல் அடிக்க வேண்டிய விசில் 700-லும் கேட்பதில்லை. பை தொளதொளத்துப்போகிறது, முழுக்கக் காலியாவதில்லை. அந்த மனிதரோ, ‘முன்னே மாதிரி அடிக்கடி போறதில்லை, சுகர் குறைஞ்சிடுச்சு போல’ என்று மகிழ்ச்சியில் இருக்கிறார். புராஸ்டேட் அடைப்பும் மெதுமெதுவாக வந்தால் இப்படியே பழக்கிவிடும். லிட்டர் கணக்கில் தேங்கியும் வலியில்லாமல் நடமாடுகிற வயதானவர்கள் இருக்கிறார்கள். வயதான ஆணுக்கு ராத்திரியில் தனக்கே தெரியாமல் படுக்கை நனைகிறது என்றால் அதை முதுமை என்று மூடிவைக்காமல் அந்த வாரமே யூராலஜிஸ்ட்டிடம் அழைத்துப்போங்கள். தேங்கிய பை நிரம்பி வழிவதாக இருக்கலாம். சிறுநீரகம் இரண்டும் அதன் அழுத்தத்தில் இருக்கலாம்.

இதைவிட அமைதியானது ரத்தம். சிறுநீரில் வலியே இல்லாமல் ஒருநாள் சிவப்பாகப் போகும், மறுநாள் தெளிந்துவிடும், அடுத்த மூன்று மாதம் ஒன்றுமே இருக்காது. வெயில், சூடு, எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சரியாகிவிடும் என்று முடித்துவிடுவோம். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் தன்னை அறிவிப்பது இப்படித்தான். யோசித்துப் பார்த்தால் ஏன் வலிக்கவில்லை என்பது புரியும். உட்சுவரில் முளைத்திருக்கிற சின்னக் கட்டி எதையும் இழுப்பதில்லை, விரிப்பதில்லை. இழுபட்டால் மட்டும் விசில் அடிக்கிற ஏற்பாட்டில் அதற்கு விசில் கிடையாது.

சிறுநீர்ப்பைக்குள் ஏன் புற்று என்பதற்கும் காரணம் கண்டிருக்கிறார்கள். ஃபிராங்ஃபர்ட்டில் சாயத் தொழிற்சாலைத் தொழிலாளிகள் சிலருக்கு இந்தக் கட்டி வந்ததை 1895-லேயே லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் கவனித்துச் சொன்னார். சாயத் தயாரிப்பில் வருகிற அரோமாட்டிக் அமீன்கள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, பையில் வந்து மணிக்கணக்கில் தங்குகின்றன. மற்ற உறுப்புகளைக் கடந்துபோவது இங்கே உட்கார்ந்திருக்கிறது. அதே அமீன்கள் சிகரெட்டிலும் பீடியிலும் உண்டு. புகைக்கிறவர்களுக்கு அபாயம் இரண்டு மூன்று மடங்காவது அதிகம். எச்சரிக்கைப் படத்தைச் சிகரெட் அட்டையில் போடுகிறார்கள், சரிதான். பையைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

ஆகவே கண்ணுக்குத் தெரிகிற ரத்தம் ஒருமுறை வந்தாலும் யூராலஜிஸ்ட். பீட்ரூட் சாப்பிட்டீர்களா, காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை எடுக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவை நிறத்தை மாற்றும். ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் தடுக்கிற வேறு மாத்திரையோ சாப்பிடுவதால் வந்தது என்று சமாதானம் ஆகிவிடாதீர்கள். மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். பெண்களுக்கு இது நீர்க்கடுப்பு என்றே திரும்பத் திரும்ப வைத்தியம் நடந்து, கண்டுபிடிப்பது தள்ளிப்போவது உலகம் முழுக்க நடக்கிறது. கல்ச்சர் பரிசோதனையில் கிருமி வளரவில்லை, ஆனால் ரத்தம் இருக்கிறது என்றால் இன்னொரு ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையில்லை.

காத்திருக்கவே கூடாத சில சமயங்களும் உண்டு. அடிவயிறு உப்பி, முட்டிக்கொண்டு, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அது ஓ.பி. சீட்டுக்கான விஷயம் அல்ல. எந்த நேரமானாலும் அவசர சிகிச்சைப் பிரிவு. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் சிறுநீர் அடைப்பும் சேர்ந்தாலும் அப்படியே. முதுகுவலிக்காரருக்குத் திடீரென்று இருசக்கர வண்டி இருக்கையில் படுகிற இடமெல்லாம் மரத்து, சிறுநீரும் நின்றால் அது முதுகுத்தண்டுச் சமாசாரம். நேரம் தவறினால் நரம்பு திரும்பாது.

கும்பகோணத்துக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ராத்திரி எழுவதில் பெரும்பகுதிக்குச் சிறுநீர்ப்பை காரணமே இல்லை. பகலில் உட்கார்ந்தே இருப்பவர்களின் காலில் நீர் சேர்கிறது. படுத்ததும் அது ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகத்துக்குப் போய், நடுராத்திரியில் பைக்கு வருகிறது. ரத்த அழுத்தத்துக்கு நம் ஊரில் வாரி வழங்கப்படுகிற அம்லோடிபின் காலை வீங்கவைக்கும். சர்க்கரைக்குத் தரப்படுகிற டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளியே வேலை செய்வது. கூடவே நீரும் போகும். குறட்டையோடு மூச்சுத் திணறுகிறவர்களின் இதயம் நீரை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கும். எல்லாவற்றுக்கும் புராஸ்டேட் பழி சுமக்கிறது.

அதனால் முதலில் ஒரு பிளாஸ்டிக் அளவுக் குவளையை வாங்குங்கள். மூன்று நாள், எத்தனை மணிக்கு எத்தனை மில்லி என்று எழுதுங்கள். தூங்கும் நேரத்தைக் கோடு போட்டுப் பிரியுங்கள். 24 மணி நேர மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் போகிறது என்றால் உற்பத்திதான் அதிகம். மாத்திரைகளையும் உப்பையும் கால் வீக்கத்தையும் பொது மருத்துவரிடம் பேசுங்கள். ஒவ்வொரு முறையும் 80, 100 என்று கொஞ்சமாகவே போகிறது, முக்க வேண்டியிருக்கிறது, தாரை மெலிந்திருக்கிறது, முடித்த பிறகும் பாக்கி இருக்கிற உணர்வு என்றால் யூராலஜிஸ்ட்டின் எல்லை.

புராஸ்டேட் ஐம்பது வயது தாண்டிய ஆண்களில் பாதிப் பேருக்கு ஓரளவு பெருத்துத்தான் இருக்கும். ‘40 கிராம் இருக்கு’ என்ற ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு பதறி ஓடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, அளவுக்கும் தொல்லைக்கும் நேர்விகிதம் கிடையாது என்பது. 80 கிராமோடு நிம்மதியாகத் தூங்குகிறவரும் உண்டு, 25 கிராமோடு அவதிப்படுகிறவரும் உண்டு. மாஸ்டர் ஹெல்த் செக்கப் பட்டியலில் கேட்காமலே சேர்த்துவிடுகிற பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் ரத்தப் பரிசோதனையின் எண் தொற்று இருந்தாலும் ஏறும், குழாய் விட்டிருந்தாலும் ஏறும். புராஸ்டேட்டைச் சுருக்குகிற ஃபினாஸ்டெரைடு மாத்திரையில் பாதியாக இறங்கும். அந்த மாத்திரை நன்றாக வேலை காட்டவே ஆறு மாதம் ஆகிறது. முப்பது நாள் வீடியோக்காரர் எந்த அவசரத்தில் இருக்கிறார் என்று புரிகிறது. இன்னொன்று: ஏற்கெனவே தாரை மெலிந்தவர்கள் ஜலதோஷத்துக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதிலுள்ள ஃபீனைலெஃப்ரின் கதவை இறுக்கும், குளோர்ஃபெனிரமின் தள்ளுகிற தசையைச் சோம்பேறியாக்கும். தும்மல் நிற்கும், கூடவே சிறுநீரும் நின்று விடியற்காலையில் ஆட்டோ தேடிய குடும்பங்கள் உண்டு.

யூராலஜிஸ்ட்டிடம் போனால் கத்தி என்ற பயத்தில் வருஷக்கணக்காகத் தள்ளிப்போடுகிறவர்களுக்காக: முதல் நாளில் பெரும்பாலும் நடப்பது மிகச் சாதாரணம். உங்கள் மூன்று நாள் கணக்கைப் பார்ப்பார். விரலால் புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்ப்பது அரை நிமிட வேலை. பிறகு ஒரு தனியறையில் புனல் வைத்த இயந்திரத்தில் சிறுநீர் கழிக்கச் சொல்வார்கள். வினாடிக்கு எத்தனை மில்லி என்று காகிதத்தில் ஒரு குன்று வரையும். உச்சி 15-ஐத் தாண்டினால் பெரும்பாலும் கவலையில்லை. 10-க்குக் கீழே என்றால் அடைப்போ, தசைச் சோர்வோ என்று பார்ப்பார்கள். உடனே ஸ்கேன் வைத்துப் பாக்கி எவ்வளவு என்று அளப்பார்கள். 50 மில்லிக்குள் இருந்தால் நல்லது. 150 மில்லியாவது போனால்தான் அந்தக் குன்றை நம்ப முடியும். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர், ஆஸ்பத்திரியில் எங்கே தேடுவது என்று வீட்டிலேயே போய்விட்டு வந்து, கேன்டீன் ஓரமாக ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒருநாள் மட்டும் கிளம்பும்போது போகாமல் வாருங்கள்.